அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரை மாற்றி எழுதுவது, ஆண்டில் ஓர் இலக்கம் தவறுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற பள்ளம் வேறு.

ஒரே தேதியோடு கண்டுபிடிப்பை முடித்துவிடுவது

"ஐ.சி., கில்பி, 1958" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருகிற வரி இது. ஏனென்றால் ஐ.சி. எனப்படும் சில்லு, அதாவது ஒரே துண்டில் அமைந்த முழு மின்சுற்று, எப்படித் தொழிற்சாலைப் பொருளானது என்ற கதையே இதில் காணாமல் போய்விடுகிறது.

1958 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி காட்டியது ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியின் ஒரு சிறு துண்டு. மின்சாரம் கொடுத்ததும் ஆஸிலோஸ்கோப் திரையில் சைன் அலை ஓடியது. ஆனால் துண்டின் உறுப்புகளை இணைத்தவை மேலே வளைந்து நின்ற மெல்லிய தங்கக் கம்பிகள். அவற்றைக் கையால் ஒட்ட வேண்டியிருக்கும் வரை ஆயிரக்கணக்கில் செய்ய வழியில்லை.

அந்த முடிச்சு ஃபேர்சைல்டு என்ற இன்னொரு நிறுவனத்தில் அவிழ்ந்தது. சிலிக்கான் மேல் வளரும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காமல், இருவகைச் சிலிக்கான் சேரும் சந்திகளுக்குக் கவசமாக அப்படியே விட்டுவைப்பது ழான் ஹோர்னியின் பிளேனர் முறை. படலத்தின் மேலேயே உலோகத் தடங்களைப் படியவைத்து உறுப்புகளை இணைக்கலாம் என்று 1959 ஜனவரியில் ராபர்ட் நாய்ஸ் தன் குறிப்பேட்டில் எழுதினார். கில்பி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1959 பிப்ரவரி, நாய்ஸ் ஜூலை. காப்புரிமையோ நாய்ஸுக்கு 1961 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. கில்பிக்கு 1964 ஜூன். 2000இல் கில்பிக்கு நோபல் கிடைத்தபோது நாய்ஸ் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

எனவே ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: எண்ணம் குறிப்பேட்டில் ஏறிய நாள், மாதிரி இயங்கிய நாள், விண்ணப்பித்த நாள், காப்புரிமை கிடைத்த நாள், விற்பனைக்கு வந்த நாள். அமெரிக்கக் காப்புரிமை ஆவணத்தில் விண்ணப்பத் தேதியும் வழங்கிய தேதியும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். அவசரத்தில் ஒன்றை எடுத்து மற்றதன் கட்டத்தில் எழுதினால் யார் முந்தியவர் என்பதே தலைகீழாகும்.

அடைமொழி இல்லாத "முதல் கணினி"

1946இல் பிலடெல்பியாவில் அறிவிக்கப்பட்ட எனியாக் என்ற கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). வேலை மாறினால் கம்பிகளைப் பிடுங்கிச் சொருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். அதற்கு முன்பே ஐயோவாவில் அட்டனசாஃபும் பெர்ரியும் சுமார் 300 வால்வுகளில் ஒரு பொறி செய்திருந்தார்கள். ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது மட்டுமே அதன் வேலை. 1973இல் நீதிமன்றம் எனியாக் காப்புரிமையை ரத்து செய்ததற்கு அந்தப் பொறியும் ஒரு காரணம். "முதல்" என்று எழுதினால் எதில் முதல் என்பதையும் கூடவே எழுதுங்கள்.

புகைப்படத்தை நம்புவது

டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்பைக் காட்டும் பெல் ஆய்வகப் புகைப்படத்தில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருப்பவர் ஷாக்லி. 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கியவர்களோ பின்னால் நிற்கும் பார்டீனும் பிராட்டெய்னும். அதன் காப்புரிமையில் ஷாக்லி பெயர் கிடையாது.

மூர் விதி, 18 மாதம்

சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று மூர் சொன்னதாக எழுதுகிறார்கள். அவர் 1965இல் சொன்னது ஓராண்டு. 1975இல் சொன்னது ஈராண்டு.

"பக்" பிறந்தது 1947இல்

கோளாறைக் குறிக்கும் "பக்" (பூச்சி) என்ற சொல் அந்த ஆண்டு கணினிக்குள் சிக்கிய ஓர் அந்துப்பூச்சியால் வந்தது என்பார்கள். இல்லை. எடிசனின் 1878ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஹார்வர்டு மார்க் 2 கணினியின் பதிவேட்டில் அந்துப்பூச்சியை ஒட்டி, உண்மையிலேயே பூச்சி கிடைத்தது இதுவே முதல் முறை என்று எழுதியதும் சொல் ஏற்கெனவே புழங்கியதால்தான்.