எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம் நடத்துவது எப்படி

எங்களுடையது போளூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் பஸ் ஏறி அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே சேர்ந்த பிள்ளை காலாண்டுத் தேர்வுக்குள் நின்றுவிட்டால் "படிப்பு ஏறல" என்று ஊர் சொல்லிவிடும். நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் அது இல்லை. இங்கே எந்தப் பிள்ளை எந்த வீடு என்று எல்லா டீச்சருக்கும் தெரியும். அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர், பல ஊர்ப் பிள்ளைகள், பெரிய வகுப்பு. அந்தப் பிள்ளைக்காகப் போய்ப் பேச வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும். அதற்குப் பெற்றோரைத் தயார்படுத்துவது நடுநிலைப் பள்ளியின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

முதல் கூட்டத்தைப் பொங்கலை ஒட்டி வையுங்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பாக்கள் ஊரில் இருப்பது அந்த நாட்களில்தான். பகலில் கூப்பிட்டால் அம்மாக்கள் மட்டும் வருவார்கள், அதுவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. விளக்கு வைத்த பிறகு மாரியம்மன் கோயில் திடலில் வையுங்கள். அழைக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் கொடுங்கள். வாத்தியார் கூப்பிட்டால் புகார் சொல்லத்தான் என்று நினைப்பவர்கள்கூடப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஒன்பதாம் வகுப்பு ஏன் ஆபத்தான வருஷம் என்பதை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்கிறது; 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. ஆக, எட்டு முடிக்கும் வயதில் இரண்டு காவலும் தளர்ந்துவிடுகின்றன. மேஸ்திரி வந்து கேட்பதும் அந்த வயதில்தான். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச்சு எழுவதும் அதை ஒட்டித்தான். 18க்கு முன் கல்யாணம் குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்று அப்பாக்கள் எதிரிலேயே சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். கடன் வாங்கியாவது ஒன்பதில் பிரைவேட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளிப் படிப்பு எங்கே என்று பார்த்துத்தான் தருகின்றன. எட்டாம் வகுப்பில் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும். இந்த விவரம் தெரியாமல் பள்ளி மாற்றிவிட்டுப் பிறகு வந்து கேட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது கூட்டம் மேல்நிலைப் பள்ளியிலேயே, அது நடக்கும் ஒரு வேலை நாளில். அந்த ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆட்டோ பிடிக்காதீர்கள், பிள்ளைகள் போகப்போகும் அதே காலை டவுன் பஸ்ஸில் பெற்றோரை ஏற்றுங்கள். படிக்கட்டில் தொங்கும் பையன்களை அப்பாக்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். போனதும் கழிப்பறையைக் காட்டுங்கள். ஒரு தடவை ஓர் அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், வெளியே வந்து என்னிடம், "டீச்சர், ஸ்பெஷல் கிளாஸ் வெச்சா சாயங்காலம் எந்த பஸ்?" என்றார். அந்தக் கேள்வியை நேரே அங்கிருந்த ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையிடம் கேட்க வைத்தேன். பஸ் பிள்ளைகளை முன்னதாக விடுவதாக அவர் சொன்னார். பெற்றோர் சார்பில் நீங்கள் பேசாதீர்கள், அவர்களையே பேச விடுங்கள். முதல் தடவை நாக்கு எழும்பாது. உங்கள் துணை இருக்கும்போதே அந்தத் தயக்கம் விலகட்டும்.

மூன்றாவது, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடும் சாதிச் சான்றிதழோடும் ஒப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பள்ளிப் பதிவில் இருப்பதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும். அப்புறம் திருத்த அலைய வேண்டும்.

அன்றைக்கே வீட்டில் செய்ய வேண்டியதைப் பழக்குங்கள். படிக்காத அம்மா பிள்ளையின் படிப்பை எப்படிக் கவனிப்பது என்று கேட்பார்கள். கணக்கு நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். பக்கத்தின் மேலே தேதி இருக்கிறதா, சிவப்பு மை விழுந்திருக்கிறதா, நடுவில் வெறும் பக்கங்கள் உண்டா. எழுத்து தெரியாதவருக்கும் இது தெரியும். பத்து நாளாகச் சிவப்பு மை இல்லை என்றால் பிள்ளை வகுப்பில் இல்லை, அல்லது நோட்டு வைக்கவில்லை. இரண்டுமே போய்க் கேட்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் மார்க் கேட்க வேண்டாம், "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த, யாரோட சாப்ட?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஆகியும் ஒரு பேரும் வரவில்லை என்றால் பிள்ளை அங்கே தனியாக இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி, பஸ்ஸை வேண்டுமென்றே விடுவது, சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருவது, இவற்றுக்கு அடிக்கக் கூடாது. வகுப்பாசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். நேரில் போக முடியாத அப்பா பெங்களூரிலிருந்து போன் செய்யட்டும். வகுப்பாசிரியரின் எண்ணைச் சேர்க்கை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே சொல்லத் தயங்கும் விஷயத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று. டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸ் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இன்னும் சேராத பிள்ளைகளின் பட்டியலுக்கு, போய்விடும்; சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஜூன் கடைசியில் அதைத் திறந்து நம் பிள்ளைகள் யாராவது எடுக்கப்படாமல் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள், கூடவே மேலாண்மைக் குழுத் தலைவியையும் அழைத்துக்கொண்டு.