மழை விட்டும் விடாத டிராக்ல பண்ணக்கூடாத தப்புங்க

காட்பாடி, ராணிப்பேட்டை, வாலாஜா, வாணியம்பாடின்னு நம்ம பக்கத்துல இருந்து இப்பல்லாம் நெறைய பசங்க பைக்கை டாடா ஏஸ்ல ஏத்திக்கினு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ரேஸ் ஓட்ட வராங்க, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. போன தடவை நானும் ஒரு பையனுக்கு ஹெல்ப்புக்கு போயிருந்தேன். மழை விட்டு பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அவன் பக்கத்து பிட்டையே, அதாவது பக்கத்து ஆள் வண்டியை ரெடி பண்ற எடத்தையே, எட்டி எட்டி பாத்துக்கினு இருந்தான், திடீர்னு "அண்ணா, அவன் வெட் டயர் போட்டுட்டான், நாமளும் மாத்திடலாமா?"ன்னு கேட்டான். வெட்னா ஈர டிராக்குக்கு போடற டயர். எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு. பல வருஷம் முன்னாடி நான் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

ஹெல்மெட் வைசர்ல ஆவி கட்டறது, ஏர் செக் பண்ணாம கெளம்பறது, ஈரத்துல படக்குன்னு த்ராட்டில் திருகறது, இதெல்லாம் ஒரு தடவை விழுந்தா தானா புரிஞ்சிடும். அதை நான் சொல்லப்போறதில்ல.

எதிராளியைப் பாத்து டயரை மாத்தறது

இது விழுந்து கத்துக்கற தப்பு இல்ல. ஒரு வருஷ உழைப்பையே தின்னுடும்.

என் கதைய சொல்றேன். சீசனோட கடைசி ரேஸ், எட்டு லேப், அதாவது டிராக்கை எட்டு சுத்து. பாயிண்ட்ல நான்தான் முதல். ரெண்டாவது இருந்தவன் என்னவிட 11 கம்மி, மூணாவது இருந்தவன் 19 கம்மி. ஜெயிச்சா 25, ரெண்டாவது 20, மூணாவது 16. அதாவது யார் ஜெயிச்சாலும் நான் மூணாவது வந்தா போதும், கப்பு எனக்கு. காலையில நல்ல வெயில், மதியம் ஒரு அரை மணி நேரம் மழை அடிச்சு ஊத்திட்டு சட்டுனு விட்டுடுச்சு. டிராக் கருப்பா மின்னிக்கினு இருந்துச்சு, ஆனா காத்து நல்லா வீசுது, மேகம் கலையுது, முந்தின ரேஸ்ல கடைசி ரெண்டு லேப்ல வண்டிங்க பின்னாடி தண்ணி தெறிக்கறதே நின்னுபோச்சு. என் மெக்கானிக் குனிஞ்சு தரையில கைய வெச்சு பாத்துட்டு "ஸ்லிக்கே இருக்கட்டும்ணா, ரெண்டு லேப் பொறுத்து ஓட்டுங்க, அப்புறம் உங்க டிராக்"னு சொன்னான். ஸ்லிக்னா காஞ்ச டிராக்குக்கு போடற வழவழ டயர். நானும் சரின்னுட்டேன்.

அப்ப தலைய திருப்பினேன். ரெண்டாவது இருந்தவன் வண்டியில வெட் ஏறிக்கினு இருந்துச்சு.

அவன் ஏன் போட்டான்? அவன் ஜெயிச்சாலும், நான் நாலாவதோ அதுக்கு கீழயோ வந்தாதான் அவனுக்கு கப்பு. அதனால திரும்ப மழை வரும்னு சூதாடறான். அவனுக்கு அது நியாயமான ஆட்டம், இழக்க ஒண்ணுமில்ல. எனக்கு அந்த ஆட்டத்துல உட்காரவே வேண்டிய அவசியம் இல்ல. இது எதுவும் அப்ப மண்டையில ஏறல, மழை திரும்ப வந்து இவன் மட்டும் பறந்துட்டா என்ன பண்றதுங்கற ஒரே பயம்தான், கத்தி கத்தி அவசர அவசரமா வீலை கழட்டி மாத்த வெச்சேன், பாவம் மெக்கானிக் ஒரு வார்த்தை பேசல.

ரெண்டு லேப் சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. மூணாவது லேப்ல எல்லாரும் ஓட்டற லைன், அதாவது வண்டிங்க போற பாதை, காஞ்சுடுச்சு. வெட் டயரோட ரப்பர் ரொம்ப மெத்துனு இருக்கும், ஈரத்துல தண்ணிதான் அதை கூலா வெச்சிருக்கும், காஞ்ச தரையில ஓட்டினா சூடேறி அந்த கட்டை கட்டையா இருக்கற ரப்பர் நெளிய ஆரம்பிச்சிடும், கார்னர்ல வண்டி பின்பக்கம் நம்ம பேச்சையே கேக்காது. ஸ்ட்ரெயிட்ல ஓரமா தேங்கின தண்ணியில ஏத்தி ஏத்தி ஆற வெச்சு பாத்தேன். எங்க ரேஸ்ல நடுவுல பிட்டுக்கு வந்து டயர் மாத்தற கதையே கெடையாது, கெளம்பறப்ப போட்டதுதான். எட்டு லேப்பும் நான் அந்த ஒருத்தன் முதுகையே பாத்துக்கினு ஓட்டினேன். அவன் 10வது, நான் 11வது, எனக்கு கெடைச்சது 5 பாயிண்ட். ஸ்லிக்ல போன மூணாவது ஆள் ஜெயிச்சு 25 வாங்கி, ஒரே ஒரு பாயிண்ட்ல கப்பையும் தூக்கிக்கினு போயிட்டான். அவனை நான் அன்னிக்கு ஒரு தடவைகூட நெனைக்கல.

இப்பவும் நெனைச்சா கோவம்தான் வருது.

பெரிய எடத்துலயும் இது நடந்திருக்கு. 2007 ஃபார்முலா 1ல சீனா ரேஸுக்கு முன்னாடி ஹாமில்டன் 107 பாயிண்ட், அலோன்சோ 95, ரெய்க்கோனன் 90. ரெண்டு ரேஸ்தான் பாக்கி. ஷாங்காய்ல ஈரமா ஆரம்பிச்சு டிராக் காஞ்சுக்கினே வந்துச்சு, ஹாமில்டன் தேஞ்சுபோன ஈர டயர்லயே ரொம்ப நேரம் ஓடினாரு, கடைசியில பிட்டுக்கு திரும்பற வளைவுல வண்டி வழுக்கி ஜல்லியில மாட்டி நின்னுடுச்சு, பாயிண்ட் சைபர். நாங்க ரெய்க்கோனனோட ரேஸ் பண்ணல, அலோன்சோவோடதான் பண்ணோம்னு அவங்க டீம் தலைவர் ரான் டென்னிஸே அப்புறம் சொன்னாரு. அந்த அலோன்சோவும் அதே டீம்தான்! சீசன் முடிஞ்சப்ப ரெய்க்கோனன் 110, மத்த ரெண்டு பேரும் 109.

இதுக்கு நேர் எதிர் 2017ல பிர்னோல நடந்த மோட்டோ ஜிபி பைக் ரேஸ். ஈர டயர்ல கெளம்பின மார்க்கேஸ், இது நமக்கு சரிப்படாதுன்னு ரெண்டாவது லேப் முடிவுலயே பிட்டுக்குள்ள வந்து ஸ்லிக் போட்ட இன்னொரு வண்டிக்கு மாறிட்டாரு, மத்தவங்க என்ன பண்றாங்கன்னு காத்திருக்கல. 12 செகண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு, அந்த வருஷ டைட்டிலும் அவருக்குத்தான்.

அதனால தம்பிங்களா, டயர் முடிவு பண்ண மூணு விஷயம் பாருங்க: முன்னாடி ரேஸ்ல பின்வீல்ல இருந்து தண்ணி எவ்ளோ தெறிக்குது, தரைய தொட்டா கையில என்ன ஒட்டுது, உங்களுக்கு எத்தனாவது எடம் தேவை. எதிராளி பிட் பக்கம் முதுகை திருப்பிக்கினு உக்காருங்க. உங்க ஆள் தரைய தொட்டு ஒண்ணு சொன்னா அதை நம்புங்க.

கிரிட்ல (ரேஸ் கெளம்பற எடத்துல) நின்னு பாயிண்ட் கணக்கு போடறது

முந்தின நாள் ராத்திரியே போட்டு டேங்க்ல எழுதி ஒட்டுங்க.

ஈரத்துலயும் பழைய லைன்லயே போறது

காஞ்சப்ப எல்லாரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிஞ்ச லைன் இருக்கே, மழையில அதுதான் முதல்ல வழுக்கும். கார்னர்ல கொஞ்சம் வெளிய தள்ளி, ரப்பர் ஏறாத சொரசொரப்பான தரையில போங்க. காய ஆரம்பிச்சதும் பழைய லைனுக்கு திரும்பிடணும், அப்ப வெளிய போனாதான் ஈரம்.

கெர்ப் (டிராக் ஓரத்துல பெயிண்ட் அடிச்ச மேடு), வெள்ளைக் கோடு

ஈரத்துல தொடவே தொடாதீங்க.

ஏலகிரியில பிராக்டீஸ்

வேணாம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுலயும் எதிர்ல பஸ் வரும், குடும்பத்தோட வரவங்க இருப்பாங்க.

ஊருக்கு போன் போட்டு மழை கேக்கறது

இதுல ஒரு பாதி சரி, ஒரு பாதி தப்பு, அதான் பசங்க மாட்டிக்கறாங்க. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்கால இடி மழை பெரும்பாலும் மேற்குல, சித்தூர் பக்கம் கட்டி, நம்ம ஊரை நனைச்சுட்டு அப்புறம்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும். அப்ப "அம்மா, அங்க கொட்டுதா?"ன்னு கேக்கறது எந்த போன் ஆப்பையும் விட உருப்படியான தகவல், நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ஆனா அக்டோபர் பாதிக்கு மேல மழை கடல் பக்கத்துல இருந்து வருது. வேலூர்ல வெயில் காயும், இருங்காட்டுக்கோட்டையில கொட்டிக்கினு இருக்கும். அந்த மாசத்துல அம்மாவை கேக்காதீங்க, பிட் சுவர் மேல ஏறி கிழக்கால பாருங்க.