மலைப்பாம்பைப் படமெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் பறவை பார்க்கத்தான் கூட்டம் போகிறது. குளிர்காலத்தில் அங்கே மலைப்பாம்பையும் பார்க்கலாம். முள்ளம்பன்றி தோண்டிய வளைக்குள் இரவைக் கழித்துவிட்டு, வெயில் ஏறியதும் வளை வாயிலில் வந்து சுருண்டு கிடக்கும்.

பறவைக்குக் கிளம்புவதுபோல விடியற்காலையில் போய்த் தேடுவது வீண். தரை சூடேறட்டும், பத்து மணிக்கு மேல் போங்கள். மூடுபனி விலகாத நாளில் அது வெளியே வராமலே இருந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 'விஷமில்லாத பாம்புதானே' என்று செல்போனோடு கிட்டே போவது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் தரையில் ஒட்டிக் கிடக்கும் தாடையும் உடலும் உங்கள் காலடி அதிர்வை வாங்கிக்கொள்ளும். சட்டென்று வளைக்குள் போய்விடும். உங்களுக்குப் போனது ஒரு படம். அதற்குப் போனது அன்றைய வெயில். குளிர்காலத்தில் கிடைப்பதே சில மணி நேரச் சூடு. அந்தச் சூடு இல்லாமல் இரை செரிக்காது. வயிறு புடைத்துக் கிடக்கும் பாம்பை மிரட்டினால் விழுங்கியதைக் கக்கிவிடும், அதன் பல நாள் உணவு அத்தோடு போச்சு. கண் பால் படிந்ததுபோல நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை மங்கலாக இருக்கும், சீக்கிரம் மிரளும். அதை விட்டுவிடுங்கள்.

அனுமதித்த பாதையிலேயே நின்று, பத்து மீட்டருக்குக் குறையாத தூரத்திலிருந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 400 மி.மீ. லென்ஸில் எடுங்கள். வளைக்கு மேலே ஏறி நிற்கவே கூடாது. உள்ளே குடைந்த மண், இடிந்து விழும். பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை வளைத்தாலோ, வளைப் பக்கம் நகர ஆரம்பித்தாலோ மெதுவாகப் பின்வாங்குங்கள். அசைய வைக்கக் குச்சியால் குத்தச் சொல்லி வழிகாட்டிக்குக் காசு கொடுப்பவர்கள் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. சீண்டுவது குற்றம்.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் பாம்பு கயிற்றுக் குவியலாகத்தான் தெரியும். சுற்றிலும் தரையைப் பார்த்துவிட்டு முட்டி போட்டு, அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். ஃபோகஸ் கண்ணில். தலையும் முன்சுருளும் தெளிவாக விழ லென்ஸ் துளையை (அபர்ச்சர்) எஃப் 8 வையுங்கள். நாக்கு கலங்காமல் வர ஷட்டர் வேகம் 1/1000 நொடி. மதிய வெயிலில் செதில் பளபளத்து வெள்ளையடிக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, அரை ஸ்டாப் (ஒளி அளவின் படி) குறைத்தாலோ, பளபளப்பைக் குறைக்கும் பொலரைசர் ஃபில்டர் போட்டாலோ செதிலின் நிறம் திரும்ப வரும். ஃபிளாஷ் வேண்டாம்.

நம்மூர்ப் புதர்க்காட்டில் இன்னொரு ஆபத்து: சின்ன மலைப்பாம்பு என்று நினைத்துக் கண்ணாடி விரியனிடம் போய்விடுவது. விரியனின் முதுகில் சங்கிலி கோத்ததுபோல நீள்வட்டங்கள் வரிசையாக ஓடும், செதில் சொரசொரவென்று இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை, மேனி வழவழப்பு. சந்தேகம் வந்தால் விரியன் என்றே வைத்துக்கொண்டு விலகுங்கள்.

படத்தைப் பகிரும்முன் அதில் பதிவாகியிருக்கும் ஜிபிஎஸ் (எடுத்த இடம்) விவரத்தை நீக்குங்கள். வளையை அடையாளம் காட்டும் மரமோ பலகையோ ஓரத்தில் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். நாளைக்கும் அந்தப் பாம்பு அதே வளை வாயிலில்தான் வெயில் காயும்.