பெரிய த்ராட்டில் பாடி: மாட்டும் முன் மேனிஃபோல்டை அளந்துவிடுங்கள்
பிக்கப் வண்டியின் எஞ்சினில், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் 75 மி.மீ. த்ராட்டில் பாடிக்குப் பதில் 80 மி.மீ. மாட்டினால் காற்று நுழையும் வாயின் பரப்பு சுமார் 14 சதவீதம் கூடும். ஆனால் அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் வாய் 75-லேயே இருந்தால் சுற்றிலும் இரண்டரை மி.மீ. விளிம்பு துருத்தி நிற்கும். காற்று அதில் மோதிச் சுழலும், செலவுக்குப் பலன் கிடைக்காது. வெர்னியரால் அளந்து, விளிம்பைச் சரிவாகத் தேயுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் சிலிண்டருக்குள் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் புதிய அளவுக்கு உரியதாக இருக்கட்டும். போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மோட்டாரால் திறந்து மூடும் எலக்ட்ரானிக் வகை த்ராட்டில் பாடி என்றால் உள்தட்டைக் கையால் தள்ளவே கூடாது, பல்சக்கரம் சேதமாகலாம். ரீலேர்ன் (எஞ்சின் கணினிக்குப் புதிய த்ராட்டிலைப் பழக்குவது) செய்த பிறகும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறியே நின்றால், முதலில் கேஸ்கட் ஓரத்தில் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.