தடித்த கம்பளியில் முதல் கார்டிகன்

இந்தக் கணக்கு மார்புச் சுற்றளவு 92 செ.மீ. உள்ளவருக்கு, பின்னி முடித்த கார்டிகன் 104 செ.மீ. வரும். 100 கிராமுக்குச் சுமார் 100 மீட்டர் வரும் சங்கி (தடித்த) கம்பளி நூலில் 100 கிராம் உருண்டை 8, எல்லாம் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்டதாக) வாங்குங்கள். 8 மி.மீ., 6.5 மி.மீ. வட்ட ஊசிகள் (இரு முனைகளையும் வளையும் கம்பி இணைப்பவை) வேண்டும், நீளம் 80 செ.மீ. நேர் ஊசியில் தடித்த பின்னலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். வட்ட ஊசியில் அது மடியில் கிடக்கும்.

முதலில் மாதிரித் துண்டு. 8 மி.மீ. ஊசியில் 20 கண்ணி (ஊசியில் ஏற்றும் வளையம்) போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபுறப் பின்னல்) என 24 வரிசை பின்னி, நனைத்து, தட்டையாகக் காயவைத்து, நடுவில் அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு 12 கண்ணி, 16 வரிசை வர வேண்டும். 13 கண்ணி வந்தால் சுற்றளவில் 8 செ.மீ. போய்விடும், ஊசியைப் பெரிதாக்குங்கள். கையை வலிந்து தளர்த்தினால் பாதியில் பழைய இறுக்கம் திரும்பிவிடும்.

தையலே இல்லாமல் பின்னும் முறை முதல் கார்டிகனுக்கு வேண்டாம். முக்கால் கிலோ கம்பளி தோளிலிருந்து தொங்கும்போது நீளாமல் பிடித்து வைப்பது தையல்தான்.

முதுகு: 6.5 ஊசியில் 64 கண்ணி. ஒரு நிட், ஒரு பர்ல் என மாறிமாறி 6 செ.மீ. ரிப் (இழுபடும் ஓரப் பின்னல்). பிறகு 8 ஊசிக்கு மாறி, மாதிரித் துண்டைப் போலவே 80 வரிசை பின்னி, எல்லாக் கண்ணிகளையும் மூடுங்கள் (ஒன்றை அடுத்ததன் மேல் தாண்டவிட்டு ஊசியிலிருந்து இறக்குங்கள்). கண்ணிகளை ஊசியில் விட்டுவைக்காமல் மூடினால்தான் தோளும் பின்கழுத்தும் தளராது.

முன்பக்கம் இரண்டு, தலா 30 கண்ணி. ரிப்புக்குப் பின் 44 வரிசை நேராகப் போய், கழுத்தோரத்தில் நான்கு வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னுங்கள், 9 முறை. தோளுக்கு 21 கண்ணி மிஞ்சும். வலப்பக்கத் துண்டில் இந்தக் குறைப்பு நிட் வரிசையின் தொடக்கத்தில், இடப்பக்கத்தில் முடிவில் வரும். இதை மறந்தால் இரண்டு வலப்பக்கம் கிடைக்கும்! நீளத்தை டேப்பால் பார்க்காமல் வரிசையை எண்ணுங்கள்; தடித்த பின்னல் இழுத்த இழுப்புக்கு வரும்.

கை: 32 கண்ணி, 6 செ.மீ. ரிப். பிறகு ஆறு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரமும் ஒவ்வொன்று கூட்டி 50 ஆக்குங்கள். மொத்தம் 43 செ.மீ. வந்ததும் மூடுங்கள்.

தைக்க அதே நிறத்தில் மெல்லிய கம்பளி நூல் நல்லது. சங்கி நூலில் தைத்தால் தையல் கயிறுபோல் புடைக்கும். முறுக்கில்லாத நூலானால் இழுக்கும்போதே அறுந்துவிடும். தோளை முதலில் தையுங்கள். கையின் நடுவைத் தோள் தையலில் வைத்து, இரு புறமும் 20 செ.மீ. வரை, 4 வரிசைக்கு 3 கண்ணி என்று பொருத்துங்கள். அடுத்து பக்கவாட்டையும் கையின் அடிப்பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் தைத்துவிடலாம்.

பொத்தான் பட்டைக்கும் அதே கணக்குதான். 6.5 ஊசியால் வலப்பக்க அடியிலிருந்து கழுத்தைச் சுற்றி இடப்பக்க அடிவரை ஓரத்தில் கண்ணி எடுங்கள்: 4 வரிசைக்கு 3, பின்கழுத்தில் ஒன்றுக்கு ஒன்று. வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டை அலையும். குறைத்தால் முன்பக்கம் மேலே சுருங்கும். ரிப் 5 செ.மீ. வரும்வரை பின்னுங்கள். பாதியில் பொத்தான் துளைக்கு நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் போதும். மூடும்போது இறுக்கினால் பட்டை வளையும். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் 8 ஊசி எடுங்கள்.

துவைத்ததும் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகக் காயவையுங்கள். கொடியில் போட்டால் ஈரப் பாரத்திலேயே முழங்கால்வரை நீளும்.