கூடம் கோணலா என்று முதலில் பாருங்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நம்பித்தான் நானும் பல வருடம் வேலை பார்த்தேன். எங்கள் டீம் செய்தது கணக்கு எழுதும் மென்பொருள். ‘போட்ட பதிவைக் காணோம்’ என்று வாரம் தவறாமல் புகார் வரும். பயன்படுத்துகிறவர்களுக்குப் பழக்கம் போதவில்லை என்று முடிவு கட்டி வீடியோ அனுப்பினோம், கையேடு அனுப்பினோம். புகார் நிற்கவில்லை.

கடைசியில் ஒருநாள், கணக்கு எழுதும் ஓர் அம்மாவின் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கண் முழுக்கக் கையிலிருந்த பில்லில். வலது கை மவுஸில். ஒரு பதிவு முடிந்ததும் திரையைப் பார்க்காமலே அழுத்துவார், அடுத்த பில்லை எடுப்பார். ‘சேமி’, ‘அழி’ இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, நடுவில் விரற்கடை இடைவெளி. பத்துப் பதினைந்து பில் தாண்டியதும் ஒன்று அழிந்தது. “என் கைதான் சரியில்லை தம்பி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் போட்டுக் கொடுத்த கூடம்தான் கோணல். திரையை வடிவமைப்பதற்கு மட்டுமல்ல, டீமை நடத்துவதற்கும் வியாபாரத்துக்கும் இதே பாடம்தான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்களிலும் இதே கதை. பத்திரமாகத் தரையிறங்கிய விமானி, இறக்கையின் பின்னோரத்தில் இறங்கி நிற்கும் மடலை மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். விமானியின் தவறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அல்ஃபோன்ஸ் ஷபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்குமான விசைகள் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் நுனியில் சின்னச் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவம் வைக்கச் சொன்னார். கண் பார்க்காவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானத்திலும் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

எனவே முதல் வேலை: நீங்கள் செய்ததைப் பயன்படுத்துகிறவரின் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், இதுதான் கஷ்டம். அவர் தடுமாறும்போது “அங்கே அழுத்துங்க” என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னால் வந்த வேலை கெட்டது. செய்து காட்டச் சொல்லாமல், அன்றைய நிஜ வேலையையே செய்யச் சொல்லுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், முகத்துக்காக “நல்லா இருக்கு” என்பார்கள். கை எங்கே தயங்குகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பதை மட்டும் குறியுங்கள். திரை ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகளை விடாமல் படியுங்கள். நாம் சொல்லத் தவறியதை அவர் தனக்குத் தானே எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து பேரைப் பார்த்தால் போதும், அப்புறம் அதே தடுமாற்றம்தான் திரும்பத் திரும்ப வரும்.

‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்கும் பெட்டியை நம்பாதீர்கள். நாலாவது தடவையே விரல் தானாக ‘ஆம்’ என்றுவிடும். அழித்ததைத் திரும்ப எடுக்க வழி கொடுங்கள். முன்கூட்டியே டிக் செய்து வைக்கும் கட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும், பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள். உறுப்பு தானம் பற்றி 2003-இல் வந்த ஓர் ஆய்வு: தானாக முன்வந்து பதிய வேண்டிய ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம், வேண்டாம் என்றால் மட்டும் சொல்ல வேண்டிய ஆஸ்திரியாவில் 99-க்கும் மேல். அந்த டிக்கைப் போடுகிற நீங்கள்தான் அவர்களுக்காக முடிவெடுக்கிறீர்கள்.

சரி, தலைமைக்கு வருகிறேன். இதில் கோணல் கூடமாக இருந்தது நானே. ஒரு மீட்டிங்கில் “திங்கட்கிழமை வெளியிட்டுவிடலாம், என்ன சொல்றீங்க?” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியிட்டோம், பழைய கணக்குகளில் வரித் தொகை தாறுமாறானது. இரண்டு நாள் தூக்கமில்லாமல் சரிசெய்தோம். அதன் பிறகு டீமிலேயே இளையவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு வெள்ளிக்கிழமையே சந்தேகம் சார். நீங்க முடிவு பண்ணிட்டீங்களே!”

1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியாளருக்கு, மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகியதா என்று சந்தேகம். கேட்டும் விட்டார். கேப்டன் அழுத்தமாக “விலகிவிட்டது” என்றார், பேச்சு அதோடு முடிந்தது. இளையவர் பேசவும் மூத்தவர் காது கொடுக்கவும் விமான நிறுவனங்கள் தனிப் பயிற்சி தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

இப்போது நான் கடைசியில்தான் பேசுகிறேன். அதற்கு முன் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்கிறேன். “சந்தேகம் இருக்கா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன், அதற்கு எப்போதும் மௌனம்தான் பதில். “இது சொதப்பினால் எதனால் சொதப்பும்?” என்று கேட்டால் எல்லோரும் எழுதுகிறார்கள். கெட்ட செய்தி கொண்டு வருபவர் முன் முகம் சுளிக்காமல் இருங்கள். ஒரு தடவை சுளித்தால் அடுத்த ஆறு மாதம் உங்களுக்கு நல்ல செய்தி மட்டுமே வரும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது.

வியாபாரத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடைசித் தருணத்தைக் கவனியுங்கள். 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் சிலரை 14 டிகிரி குளிர் நீரில் 60 விநாடி கை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி, அந்த நேரத்தில் நீர் 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றதற்குப் பெரும்பாலோர் நீண்டதையே எடுத்தார்கள். கடைசியில் இருந்த இதம் மனதில் நின்றுவிட்டது. நாங்களோ ‘சந்தாவை நிறுத்து’ பட்டனை நாலு பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருந்தோம். அதை முன்னால் கொண்டு வந்தோம், கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வழியும் வைத்தோம். போக நினைப்பவரைப் பிடித்து வைப்பது மரியாதை இல்லை.

பட்டன்களை மாற்றிய பிறகு அந்த அம்மாவின் பின்னால் மறுபடி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒரு பதிவும் அழியவில்லை. “என்ன மாத்தினீங்க தம்பி?” என்று கேட்டார். திரை ஓரத்தில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படித்து எழுதிக்கொண்டு வந்தேன்.