கனடாவில் அகதிக் கோரிக்கை: பிஓசி படிவத்தில் கேஸ் எழுதுவது எப்படி

நல்ல லோயரைப் பிடிப்பது, ஸ்காபரோவில் அறை தேடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வந்திறங்கிய மறுநாளே அதைச் சொல்லித்தர எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் இருக்கிறது. காசில்லை என்பதற்காக லோயர் இல்லாமல் போக வேண்டாம், லீகல் எய்ட் ஒன்ராறியோ அகதிக் கோரிக்கைகளுக்கும் உதவுகிறது என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்துகிறேன். ஏன் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் படிவம்தான் பிஓசி (Basis of Claim). அதில் என்னுடைய கேஸை எழுதி, விசாரணைக்குப் போய் வந்து, பிறகு சொந்தக்காரர் சிலருக்குப் பக்கத்தில் இருந்து எழுத உதவியதில் தெரிந்துகொண்டவை இவை. லோயர் சொல்வதும் நான் சொல்வதும் மாறுபட்டால் லோயர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் தகுதி

விமான நிலையத்திலோ எல்லையிலோ கோரலாம். உள்ளே வந்தபின் என்றால் குடிவரவுத் திணைக்களத்தின் இணையவாசல் வழியாக. எந்த வழியானாலும் உங்கள் கதையைக் கேட்கும் முன் தகுதியைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்த நாலில் ஒன்றில் முன்பு அசைலம் கேட்டிருந்தால், 2019இல் வந்த விதிப்படி கேஸ் ஐஆர்பிக்கு, அதாவது குடிவரவு அகதிகள் சபைக்குப் போகாது. வேறு பாதையில் திருப்பிவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து தரை எல்லையால் வருபவர்களைப் பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கை 2004 முதல் தடுக்கிறது. 2023 மார்ச் 25இலிருந்து, காட்டுப்பாதையால் வந்து 14 நாளுக்குள் கோருபவர்களுக்கும் அது பொருந்தும். பலர் அப்படி நடந்து வந்த கியூபெக் எல்லை ரொக்ஸம் வீதிக் கதை அன்றோடு முடிந்தது.

கனடாவில் உறவினர் இருந்தால் இந்த உடன்படிக்கையில் விலக்குக் கிடைக்கலாம். ஆனால் யார் உறவினர் என்பதை நாங்கள் நினைக்கிறபடி அவர்கள் நினைப்பதில்லை. கூடப்பிறந்தவர்கள், சித்தப்பா, மாமா, அத்தை, பெறாமக்கள் எல்லாம் சரி. ஒன்றுவிட்ட அண்ணன் கணக்கில் இல்லை. அக்காவின் புருசனும் இல்லை. உறவினருக்கு இங்கே என்ன அந்தஸ்து என்பதையும் பார்ப்பார்கள். தகுதி விதிகள் அடிக்கடி மாறுகிறவை. போன வருசம் வந்த மச்சான் சொன்னதை நம்பி எல்லைக்குப் போகாதீர்கள்.

படிவத்தைத் தொடும் முன் ஒரு கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். போன் வேண்டாம், வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து யாருக்காவது அனுப்பி எழுதுவிப்பது வேண்டவே வேண்டாம். உங்கள் கையால், தமிழில், நடந்த வரிசைப்படி எழுதுங்கள். எப்போது, எந்த இடத்தில், யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், அதற்கு ஏதாவது கடதாசி இருக்கிறதா.

நாள் நினைவில்லை என்றால் ஊகித்து ஒரு நாளைப் போடாதீர்கள். "ஓஎல் சோதனை முடிந்த கிழமை", "கோயில் கொடியேறியதற்கு அடுத்த நாள்" என்று எழுதிவைத்து, பழைய கலண்டரைப் பார்த்து மாதத்தைப் பிடியுங்கள். அப்போதும் நாள் கிடைக்காவிட்டால் "யூன் நடுப்பகுதி அளவில்" என்றே படிவத்தில் போடலாம். ஆனி, ஆடி என்று மட்டும் எழுத வேண்டாம். நாங்கள் ஆனியை யூன் என்று சொல்வோம். பஞ்சாங்கப்படி எண்ணும் மொழிபெயர்ப்பாளர் கையில் அது யூலையாகிவிடும். எல்லையில் அதிகாரி எடுத்த குறிப்பில் யூன், பிஓசியில் யூலை என்று நின்றால் விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எல்லைக் குறிப்புகளின் பிரதியை லோயரிடம் கேட்டு வாங்கி, கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ஏன் அப்போது?"

படிவத்தில் கேள்விகள் நேரானவை. உங்களுக்கு என்ன தீங்கு நடந்தது? திரும்பிப் போனால் என்ன நடக்கும், யாரால்? பொலிசிடம் போனீர்களா? நாட்டுக்குள் வேறு இடத்துக்கு மாறினீர்களா? இதெல்லாம் ஓரளவு ஓடிவிடும். நான் அதிக நேரம் மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்: அந்த நேரத்தில் ஏன் வெளிக்கிட்டீர்கள், அதற்கு முன்பே ஏன் இல்லை, பிறகு ஏன் இல்லை?

எங்கள் ஆட்கள் எழுதும் கேஸ்களில் 83 கலவரம் ஒரு பக்கம், 95 இடப்பெயர்வு ஒரு பக்கம், முள்ளிவாய்க்கால் இரண்டு பக்கம் வரும். கடைசி வருடத்துக்கு நாலு வரி. பட்டது எல்லாம் உண்மை, சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. தீர்ப்புச் சொல்பவர் கேட்பது, இன்று உங்களைத் திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபின் என்ன நடக்கும் என்பதை. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றால் வரும் துன்புறுத்தலைப் பார்க்கிறது. 97ஆம் பிரிவு சித்திரவதையையும் உயிராபத்தையும் பார்க்கிறது. நாடே ஆபத்தில் இருந்தது என்பது மட்டும் போதாது. உங்களுக்கு என்ன ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும்.

ஆகவே கொப்பியைப் பின்னாலிருந்து எழுதிப் பாருங்கள். வெளிக்கிட்ட நாளில் தொடங்கி, அதற்கு முந்திய சம்பவம், அதற்கும் முந்தியது என்று. வந்தது சிஐடியா (குற்றப் புலனாய்வு) ரிஐடியா (பயங்கரவாத விசாரணைப் பிரிவு), சிவில் உடுப்பா சீருடையா, கையெழுத்து வைக்க எந்த முகாமுக்குப் போனீர்கள்? முதல் தரம் பிடித்தபோது போகாமல் இரண்டாம் தரத்துக்குப் பிறகு ஏன் போனீர்கள்? காசு சேரவில்லை, அம்மாவுக்குச் சுகமில்லை, இதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம், எது உண்மையோ அதை எழுதுங்கள். நீங்கள் வந்தபின் வீட்டுக்கு யாராவது தேடிப் போனார்களா என்பதையும் சேருங்கள்.

சொந்தப் பாஸ்போட்டில் கட்டுநாயக்காவால் வந்திருந்தால், "தேடப்படுபவர் எப்படி விமானம் ஏறினார்?" என்று கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் என்ன செய்தான், யாருக்குக் காசு போனது, தெரிந்ததை நீங்களே எழுதிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் குற்றமில்லை.

அடுத்தது, "கொழும்பில் இருந்திருக்கலாமே?" வேறு ஊரில் பாதுகாப்பாக வாழ முடியும், அங்கே போய் வாழச் சொல்வது நியாயமும்தான் என்று சபை முடிவெடுத்தால் கேஸ் அங்கேயே விழும். இந்த விதியை வகுத்த 1990களின் தொடக்கத் தீர்ப்புகளில் முக்கியமானவை இலங்கைத் தமிழரின் வழக்குகள்தான். லொட்ஜில் தங்கினீர்களா, பொலிஸ் பதிவு நடந்ததா, அங்கும் யாராவது வந்தார்களா என்பதை விடாமல் எழுதுங்கள். ஐஆர்பியின் இணையத்தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய ஆவணத் தொகுப்பு இருக்கிறது. சபை உறுப்பினர் படிக்கும் இலங்கைத் தொகுப்பு அதுதான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடித்து வாசித்துக் கேளுங்கள்.

காசுக்குக் கேஸ் எழுதித்தரும் ஆட்கள் பற்றி என் கருத்து ஒரே வரி: பக்கத்தில் போகாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையாகப் பட்ட அடியையும் நம்ப மாட்டார்கள்.

பெயர், இலக்கம், கடதாசி

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட், அடையாள அட்டை மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் எல்லா வடிவத்தையும் படிவத்தில் கொடுங்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதால் ஒரு நாள் கூடத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வருடமே மாறி நின்றால் விளக்கம் தேவை.

ஆதாரமாக என் தெரிவு: தடுத்து வைத்திருந்த காலத்துச் செஞ்சிலுவைச் சங்க அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டு ரசீது, ஆஸ்பத்திரித் துண்டு. கிராம சேவகர், ஜேபி (சமாதான நீதவான்), பாதர் மூன்று பேரும் ஒரே வசனத்தில் தந்த மூன்று கடிதங்களைவிட ஒரு பழைய ரசீது பெறுமதி. ஆவணங்கள் விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போய்ச்சேர வேண்டும். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் கூடவே. கூகுள் மொழிபெயர்ப்பை நீங்கள் விளங்கிக்கொள்ள மட்டும் வைத்திருங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஆங்கிலப் பிஓசியை முழுதாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் நீங்கள் சொன்னதுதான் அண்ணை" என்றால் போதாது. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேளுங்கள். வாசித்துக் காட்டினேன் என்று மொழிபெயர்ப்பாளரும் அதில் கையெழுத்து வைக்கிறார், ஆகவே கேட்பது உங்கள் உரிமை. எல்லையில் கோரியவர்கள் பிஓசி கொடுக்க வேண்டிய கடைசித் திகதியைத் தந்த கடதாசியில் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கவும். தவறினால் கோரிக்கையைக் கைவிட்டதாக அறிவிக்கலாம்.

பின்சேர்க்கை

"கொடுத்தபிறகு பிழை கண்டேன், என்ன செய்ய?" என்று பலர் எழுதியிருந்தீர்கள். திருத்தலாம். மாற்றிய பக்கத்தில் மாற்றத்தின் கீழே கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்து, எல்லாம் உண்மை என்ற உறுதிமொழியோடு விசாரணைக்கு 10 நாளுக்கு முன் சபைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். விசாரணை அறையில் திடீரென்று புதுச் சம்பவம் சொன்னால் "இது ஏன் பிஓசியில் இல்லை?" என்ற கேள்வி நிச்சயம்.

இன்னொருவர் கேட்டது மொழிபெயர்ப்பாளர் பற்றி. விசாரணைக்குச் சபையே இலவசமாகத் தரும். எங்கள் பேச்சு விளங்கும் ஆள் வேண்டுமென்றால் படிவத்தில் தமிழ் என்பதோடு இலங்கை வழக்கு என்றும் குறிப்பிடுங்கள்.

பேஸ்மென்ட் மாறி மாறி இருக்கும் தம்பிமாருக்கு: புது விலாசத்தை ஐஆர்பிக்கும் அறிவிக்க வேண்டும், குடிவரவுத் திணைக்களத்துக்கோ எல்லைச் சேவைக்கோ தனியாகவும் அறிவிக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது. லோயருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.